பதில் வராத கேள்வி: லாவணி மேடையும் ராப் மேடையும்

சிங்களத்தில் ‘கினி’ என்றால் தீ. ‘கத்’ என்றால் பிடித்த. ‘ஹேன’ என்றால் காட்டை வெட்டிச் சுட்டுப் பயிர் வைக்கும் சேனை. தீப்பிடித்த சேனை என்ற அந்தப் பெயர்தான் நம் நாக்கில் கினிகத்தேனை ஆனது. கித்துல்கலையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் அட்டன் பஸ் இந்த ஊருக்குள் நுழையும்போது, வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் பெரும்பாலும் கண்ணாடி முழுக்க மழைதான். பக்கத்து வட்டவளை இலங்கையில் மிக அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. இப்படி நனைகிற ஊருக்கு நெருப்பின் பெயர். பெயரைக் கேட்டவன் எரிந்தது என்பான். மலையைப் பார்த்தவன் எங்கே எரிந்தது என்று கேட்பான்.

மலையகத்துத் தோட்டங்கள் மாசி மாதத்தில் இதே வழக்கை இன்னொருவன் பெயரில் எடுத்து விசாரிக்கின்றன. அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டிய ஆட்கள் மன்மதனாகவும் ரதியாகவும் சிவனாகவும் தூதனாகவும் லயத்துக்கு முன்னால் ஆடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் நெற்றிக்கண் திறக்கும், வாணம் பாயும், காமன் எரிவான். ரதி ஒப்பாரி வைப்பாள். தப்பு ஓய்வதில்லை. பிறகு வரம் கிடைக்கும்: மன்மதன் உயிரோடு இருப்பான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அப்படியானால் எரிந்தானா, இல்லையா?

இந்தக் கேள்வியை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தது தஞ்சைப் பகுதி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பாடகர் அணிகள் எதிரெதிரே அமர்ந்து, டேப் பறையைத் தட்டி, துந்தினாவின் ஒற்றைத் தந்தியை மீட்டி, கேள்வியும் பதிலுமாக இரவு முழுக்கப் பாடும் லாவணி அது. மராத்தியர் கொண்டுவந்த சரக்கு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை தஞ்சையில் மராத்திய அரசு இருந்தது. மராட்டியத்தில் அது கல்கி, துரா என்ற இரு கட்சிகளின் போட்டி. இரண்டும் தலைப்பாகையில் செருகும் அணிகளின் பெயர்கள். ஒரு கட்சிக்குச் சக்தி பெரிது, மற்றதற்குச் சிவன் பெரிது. காவிரிக் கரைக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே இருந்த காமன் பண்டிகையோடு இந்த வழக்காடல் ஒட்டிக்கொண்டது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் கடல் கடந்து மலையேறியபோது காமனையும் கூடவே கொண்டுவந்தார்கள். கூத்துக்குள் ரதிக்கும் மன்மதனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் அந்த வழக்காடும் குணத்தை இன்றும் கேட்கலாம்.

பேட்டில் ராப் கேட்டு வளர்ந்த ஒரு பையனுக்கு லாவணியை விளக்கினால், “அட, இதுவும் அதுதானே” என்பான். இரண்டு பேர், ஒரு தாளம், மாறி மாறி அடி, சுற்றிலும் கூட்டம். ராப்புக்கு நாங்கள்தான் தாய்வீடு என்று மார்தட்டுகிற கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அந்த வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. பிறப்பைவிட நடுவர் சங்கதிதான் என்னை இழுக்கிறது. இரண்டு பேரும் நன்றாகச் செய்துவிட்டார்கள், இருவரின் பாணியும் வடக்கும் தெற்குமாக இருக்கிறது, வித்தியாசமோ மயிரிழை. இந்த இடத்தில் தீர்ப்பை எதன் மேல் வைப்பது? லாவணி ஒரு பதில் வைத்திருக்கிறது, ராப் வேறொரு பதில் வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் ஓட்டையும் தெரிகிறது.

முதலில் ராப் பக்கம். 1981 டிசம்பர், நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் என்ற கூடம். பிசி பீ ஸ்டார்ஸ்கி என்பவர் கூட்டத்தைக் கையில் வைத்து ஆட்டுவதில் மன்னன். அவர் ஒன்று சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும். சிரிப்பு, கூச்சல், கைதட்டல். அவரிடம் கனமான வரிகளை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அவரும் தருவதில்லை. தன்னை யாராலும் வெல்ல முடியாது என்று அவர் சவடால் அடித்திருக்க, ட்ரெச்சரஸ் த்ரீ குழுவின் கூல் மோ டீ மேடையேறினார். கூட்டத்தை ஆடச் சொல்லவில்லை. பிசி பீயைப் பெயர் சொல்லிப் பிரித்து வைத்தார். ஸ்டார்ஸ்கி என்ற அந்தப் பின்னொட்டே லவ்பக் ஸ்டார்ஸ்கி என்ற வேறொருவருக்குச் சொந்தமானது என்பது வரை போனார். வரிக்கு வரி அடர்த்தி, எதுகைக்கு மேல் எதுகை. அந்த இரவின் ஒலிநாடா கையிலிருந்து கைக்கு நகலாகிப் பரவியது. ராப் என்றால் கூட்டத்தைக் குஷிப்படுத்துவது என்ற நினைப்பு மாறி, ராப் என்றால் எழுத்து என்ற நினைப்பு பிறந்த இரவாக அதைப் பலரும் சொல்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு. நாடாவைப் பின்னால் கேட்டவர்கள் தந்த தீர்ப்பு அது. நாடாவில் வரி கேட்கும், முகம் தெரியாது. பிசி பீயின் கலை முழுவதும் முகத்திலும் கையிலும் அந்த நேரத்துக் காற்றிலும் இருந்தது. காகிதத்தில் எழுதி நிறுத்தால் மோ டீ வெல்வார். இருட்டுக் கூடத்தில் வியர்வையோடு நின்று பார்த்திருந்தால்? எந்தத் தராசில் வைக்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு.

நம்மவர்களுக்கு இந்தப் பாணி வேறுபாடு புதிதல்ல. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை நான்காகப் பிரித்து வைத்த மொழி இது. கேட்ட உடனே பாடுபவன் ஆசுகவி. ஓசை இனிக்கப் பாடுபவன் மதுரகவி. எழுத்தையும் சொல்லையும் கட்டம் கட்டி விளையாடுபவன் சித்திரகவி. விரித்து விரித்துப் பாடுபவன் வித்தாரகவி. ராப் ரசிகர்கள் இரவெல்லாம் சண்டை பிடிக்கும் விடயங்கள் இந்த நான்குக்குள் அநேகமாக அடங்கிவிடும். மேடையிலேயே பிறக்கும் வரியா, வீட்டில் எழுதி வந்த வரியா என்ற சண்டை ஆசுகவியைப் பற்றியது. தாளத்தில் வழுக்கிக்கொண்டு போகிறவனை ‘ஃப்ளோ’ என்று புகழ்வது மதுரம். ஒரே சொல்லை மூன்று பொருளில் மடக்கி அடிப்பது சித்திரம். ஆனால் கவனியுங்கள், பழையவர்கள் நான்கையும் பிரித்தார்களே தவிர ஆசு பெரிதா சித்திரம் பெரிதா என்று ஏணிப்படி வைக்கவில்லை. கொய்யாவையும் பலாவையும் ஒரே தட்டில் வைத்து எது நல்ல பழம் என்று கேட்பது பழக்கடைக்காரனுக்கே சிரிப்பு வரும் கேள்வி.

அப்படியானால் தீர்ப்பே சொல்ல முடியாதா? சொல்லலாம், பாணியை விட்டுவிட்டு வேறொன்றை அளந்தால். லாவணி அளப்பது அதைத்தான். எரிந்த கட்சி ஒரு கேள்வி வைக்கிறது: உடம்பு இல்லாதவன் என்று பொருள்படும் அநங்கன் என்ற பெயர் காமனுக்கு ஏன் வந்தது? உடம்பு போனதால்தானே? எரியாத கட்சி அதற்கு முகம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, காமன் சாம்பலாகிப் போயிருந்தால் அதற்குப் பிறகு உலகத்தில் கலியாணம் எப்படி நடக்கிறது, பிள்ளை எப்படிப் பிறக்கிறது என்று திருப்பி வைக்க வேண்டும். கேள்வி வந்த மெட்டிலேயே பதில் போவது அழகு. பதில் வராத கேள்வி அங்கேயே கிடக்கும், வட்டிக்கடை நோட்டில் ஏறிய கடன் மாதிரி. பாடகர் அடுத்த பாட்டில் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர்களில் ஒருவர், “அது கிடக்கட்டும், முதலில் கேட்டதுக்கு என்ன பதில்?” என்பார். யார் அழகு, யார் கனம் என்ற கேள்வி பின்னால் போய், யார் கடன் தீர்த்தார்கள் என்பது முன்னால் வருகிறது. பாணி எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கை இருவருக்கும் ஒரே மாதிரி எழுதலாம். லாவணியின் பெரிய கண்டுபிடிப்பு இதுவென்றே நினைக்கிறேன்.

ராப்பிலும் இது இல்லாமலில்லை. எதிராளி சொன்னதைப் பிடித்து அடுத்த சுற்றின் தொடக்கத்திலேயே திருப்பி அடிப்பதற்கு ரசிகர்களிடம் தனி மரியாதை உண்டு. 2002இல் வந்த ‘8 மைல்’ படத்தின் கடைசி மோதல் நினைவிருக்கும். எமினெம் நடித்த பாத்திரம், எதிராளி தன்மேல் என்னென்ன சொல்லக்கூடுமோ அத்தனையையும் தானே முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறது. ஏழை, தாய் டிரெய்லரில் குடியிருப்பவள், காதலி ஏமாற்றினாள், அடி வாங்கினேன், எல்லாம். எதிராளி ஒலிவாங்கியைப் பிடித்தபடி மௌனமாக நிற்கிறான். லாவணிக் கணக்கில் பார்த்தால் எதிரியின் கடையில் தான் வாங்கவிருந்த கடனையெல்லாம் முன்கூட்டியே அடைத்துவிட்ட ஆள் அவன். (நிஜ எமினெம், 1997இல் ஸ்கிரிபிள் ஜாம் போட்டியில் ஜூஸ் என்பவரிடமும் அதே ஆண்டு ராப் ஒலிம்பிக்ஸில் அதர்வைஸ் என்பவரிடமும் தோற்றவர். சினிமா நடுவர்கள் எப்போதும் தாராளமானவர்கள்.)

ஆனால் ராப் மேடையில் கடைசிச் சொல் பெரும்பாலும் கூச்சலுடையது. யாருக்குச் சத்தம் அதிகம் என்று பார்ப்பது அதன் ஆதி முறை. இந்த இடத்தில் எனக்குக் கொழுந்து மடுவம் ஞாபகம் வரும். மழை நாளில் பறித்த கொழுந்து ஈரத்தோடு தராசில் ஏறும். ஈரம் எடை காட்டும். நிறுப்பவர் தண்ணிக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார். கழிக்காமல் விட்டால் தண்ணீருக்குச் சம்பளம் கொடுத்ததாகும். கூடுதலாகக் கழித்தால் பறித்தவளின் வயிற்றில் அடித்ததாகும். தோட்டங்களில் எத்தனை சண்டை இந்த இரண்டு கிலோவுக்காக! கைதட்டலும் ஈரக் கொழுந்துதான். சொந்த ஊர்க்காரன் என்ற ஈரம், நண்பர் கூட்டத்தோடு வந்திருக்கிறான் என்ற ஈரம், எதிராளியின் அம்மாவைத் திட்டியதால் வந்த அதிர்ச்சிச் சிரிப்பு என்ற ஈரம். நடுவர் கழிக்க வேண்டும். ஆனால் முழுவதையும் கழித்துவிட்டால் பிசி பீ போன்றவர்களின் கூடையே காலியாகிவிடும், ஏனென்றால் கூட்டத்தை எழுப்புவதே அவர்கள் பறித்த இலை. எவ்வளவு கழிப்பது என்பதற்கு எந்த அட்டவணையும் உதவாது. கையால் இலையை அள்ளிப் பிழிந்து பார்க்க வேண்டும்.

நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த நாள் காலையில் அந்த வரியை வேறொருவருக்குச் சொல்லிக் காட்டினால் அவர் சிரிக்கிறாரா? சிரித்தால் அது இலை. “அங்கே இருந்திருந்தால்தான் புரியும்” என்று நான் சமாளிக்க நேர்ந்தால் பாதியாவது ஈரம். பிசி பீக்கு இது கொஞ்சம் அநியாயம் என்று தெரியும். இதைவிட நல்ல சோதனை கையில் கிடைக்கும்வரை வைத்திருப்பேன்.

கூச்சலை நம்பாதவர்கள் நடுவர் மேசை போட்டு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அது எவ்வளவு சுத்தமான முறை என்று பார்க்க 1985க்கு வரலாம். நியூயார்க்கில் நியூ மியூசிக் செமினார் நடத்திய போட்டியின் இறுதியில் அதே பிசி பீ. எதிரே ராக்சேன் ஷான்டே, 15 வயதுப் பெண். இவர் சிரிக்கவைத்து வெல்லும் மூத்தவர், அவள் கத்தி போன்ற நாக்குக்காரி. நெருக்கமான மோதல். ஷான்டே பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்குப்படி, மற்ற நடுவர்கள் அவளுக்கு உயர்ந்த எண்களைக் கொடுத்திருக்க, அந்நாளில் பெரிய நட்சத்திரமாக இருந்த கர்டிஸ் ப்ளோ 4 என்று எழுதினார். பட்டம் பிசி பீக்குப் போனது. ஒரு பெண், அதுவும் பள்ளிக்கூட வயதுப் பெண், பட்டம் வென்றால் ராப்பை யாரும் பெரிதாக மதிக்கமாட்டார்கள் என்ற நினைப்பே அந்த எண்ணுக்குக் காரணம் என்கிறார் ஷான்டே.

அந்த நடுவரின் மனதை விட்டுவிடுவோம். கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டி வரை இதே கணக்குத்தான் ஓடுகிறது. ஐந்து நடுவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு 9, 9, 9, 9, 4. இரண்டாம் ஆளுக்கு 8, 8, 8, 8, 9. எண்களைக் கூட்டினால் முதல் ஆளுக்கு 40, இரண்டாம் ஆளுக்கு 41. இரண்டாம் ஆள் வெற்றி. ஆனால் ஐந்தில் நான்கு நடுவர்கள் முதல் ஆளைத்தான் மேலாகக் கருதினார்கள். கையை உயர்த்தச் சொல்லியிருந்தால் 4க்கு 1. கூடிய எண்ணையும் குறைந்த எண்ணையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டினால் 27க்கு 24, அப்போதும் முதல் ஆள்தான். ஆட்டம் ஒன்று, காதுகள் அதே காதுகள், முறை மாறியதும் வெற்றியாளர் மாறிவிட்டார். கூட்டும் முறையில் அதிகம் வெறுப்பவருக்கு அதிகம் பலம். மிதமாகத் தீர்ப்புச் சொல்லும் நான்கு பேரின் வாயை ஒருவர் அடைத்துவிடலாம். ஆகவே பாணிகள் எதிரெதிராக இருக்கும் போட்டியில், ஒரு நடுவருக்கு ஒரு பாணி அடியோடு பிடிக்காமல் போகக்கூடிய போட்டியில், எண் கூட்டுவதை நான் நம்பமாட்டேன். ஒருவருக்கு ஒரு கை. அவ்வளவுதான். ஆள்தொகையை ஒற்றைப்படையில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே லாவணியைத் தூக்கிப்பிடித்துவிட்டு நகர்ந்தால் நேர்மையாகாது. ஷான்டேக்குக் குறைந்த எண்ணாவது கிடைத்தது. லாவணியின் இரு கட்சியும் நெடுங்காலம் ஆண்களின் கட்சிகள். மலையகக் காமன் கூத்தில் மன்மதனை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கும் ரதியாகவும் பெரும்பாலும் ஓர் ஆண்தான் சேலை கட்டி நிற்பார். இவ்வளவு கூர்மையான வாதம் ஒரு பெண் பாத்திரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைச் சொல்லும் வாய் மட்டும் கடன் வாங்கியது. மடுவத்தில் தண்ணிக் கழிவுக்கு எதிராகக் கணக்கப்பிள்ளையிடம் வாதாடும் பெண்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மெட்டும் தாளமும் இல்லாமலேயே அது எப்பேர்ப்பட்ட லாவணி என்று.

லாவணியின் கடன் கணக்கிலும் ஓட்டை உண்டு. கேள்வி என்ற பெயரில் எதையும் வீசலாம். புராணத்தின் மூலையில் கிடக்கும் ஒரு பெயரைப் பிடித்து, அவன் மாமியார் யார் என்று கேட்டு எதிராளியைத் திணறவைப்பது பழைய உத்தி. வழக்கோ காமன் எரிந்தானா என்பது. மாமியாருக்கு இங்கே என்ன வேலை? அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் வராதது கடனாகாது. எந்தக் கேள்வி நோட்டில் ஏறும், எது ஏறாது என்று பிரிக்கத் தெரிந்தவரே அங்கே நடுவர். ராப்பில் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். அங்கே வசைதான் மூலதனம். எதிராளியின் உடல், குடும்பம், கடந்த காலம் எல்லாம் மேடைக்கு வரும். பதில் சொல்ல முடியாத வசை ஒன்று விழுந்தால் அது வாதத்தின் வலிமையா, வெறும் காயமா? லாவணியில் ஆளைக் கேலி செய்தாலும் அடி கட்சியின்மேல் விழ வேண்டும் என்ற எல்லை உண்டு. தோட்டத்துக் கூத்தில் அந்த எல்லை இன்னும் இறுக்கம். சிவனும் மன்மதனும் விடிந்தால் ஒரே பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டியவர்கள். ஒரே பீலித் தண்ணீருக்குக் குடம் வைப்பவர்கள். அடுத்த நாளும் முகம் பார்க்க வேண்டியவனைத் திட்டுவதற்கு ஒரு தனி நளினம் வேண்டும். நியூயார்க்கிலும் முதலில் அது பக்கத்துத் தெருக்காரர்களின் சண்டையாகத்தான் இருந்தது. கமெரா வந்த பிறகுதான் கேட்பவர்கள் முகமற்றவர்கள் ஆனார்கள்.

தலைப்பின் பாரத்தையும் நடுவர் பார்க்க வேண்டும். எரிந்த கட்சிக்காரருக்குப் பாதி வேலையைக் கூத்தே செய்துவிடுகிறது. வாணம் பாய்ந்ததை ஊரே கண்ணால் கண்டிருக்கிறது. புராணமும் அவர் பக்கம். அவர் கம்பீரமாக நின்று கண்ட காட்சியைச் சொன்னால் போதும். எரியாத கட்சிக்காரர் கண்ணால் கண்டதையே பொய்யாக்க வேண்டும். ஆகவே அவருடைய பாணி இயல்பாகவே நக்கலுக்கும் குயுக்திக்கும் போகும். உருவமே இல்லாதவனை எந்த நெருப்பு தொடும் என்பார். ரதி யாரோடு குடும்பம் நடத்துகிறாள் என்று கண்ணடிப்பார். இருவரும் சரிசமமாகப் பாடினார்கள் என்று தோன்றினால், மேட்டில் ஏறியவன் அதிகம் நடந்திருக்கிறான் என்பது என் கட்சி. ராப்பில் தலைப்பு இல்லை, ஆனால் மேடு உண்டு. முதலில் பாடுபவனுக்குத் திருப்பி அடிக்க எதுவும் இல்லை. கடைசியாகப் பாடுபவனுக்கு மறுவார்த்தை வராது. நாணயம் சுண்டி வரிசையைத் தீர்மானிக்கிறார்கள். அதனால் அந்த அனுகூலம் மறைந்துவிடாது, யாருக்குப் போனது என்று மட்டும் தெரிகிறது. கடைசிச் சுற்றில் கடைசி ஆள் வீசும் புதுக் குற்றச்சாட்டை நான் நோட்டில் ஏற்றமாட்டேன். பதில் சொல்ல வாய்ப்பே இல்லாதவனிடம் கடன் வசூலிப்பது கங்காணிக் கணக்கு.

உண்மையாகவே சமம் என்றால்? ஸ்பானிய மொழி உலகத்தில் 2005 முதல் ரெட் புல் நிறுவனம் ஒரு போட்டி நடத்துகிறது. அதன் பழைய பெயருக்குச் சேவல்களின் சண்டை என்று பொருள். நம் சேவற்கட்டுதான். அங்கே நடுவர்கள் ஒருவரைச் சுட்டலாம், அல்லது ‘ரெப்ளிகா’ கேட்கலாம். ரெப்ளிகா என்றால் இன்னொரு சுற்று, வந்து மறுபடி மோதுங்கள் என்று. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவேண்டிய கட்டாயத்திலிருந்து நடுவரை விடுவிக்கும் அருமையான ஏற்பாடு. இன்னொரு பக்கம், நியூயார்க்கின் அல்டிமேட் ராப் லீக் போன்ற மேடைகளில் பெரும்பாலும் நடுவரே கிடையாது. இருவரும் மூன்று சுற்றுப் பாடிவிட்டு இறங்கிவிடுவார்கள், மூன்றில் யார் இரண்டு எடுத்தார் என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் வாதாடுவார்கள். லாவணிக்கு இந்த இரண்டுமே பழக்கம். இரவு நீள நீள மறுசுற்று தானாகவே வந்துகொண்டிருக்கும். ஒரு கட்சி வாயடைத்துப் போகும்வரை, அல்லது கிழக்கு வெளுக்கும்வரை. சேவல் கூவினால் ஆட்டம் முடிந்தது. அந்தச் சேவல் யார் பக்கமும் இல்லை.

நடுவர்களைப் பற்றி நம் பழங்கதைகள் நல்ல வார்த்தை சொல்வதில்லை. திருமலைராயன் சபைக்குக் காளமேகம் போனபோது, மன்னன் தன் ஆஸ்தான அதிமதுரகவியின் பக்கம் சாய்ந்து, வந்தவருக்கு உட்கார ஆசனம்கூடக் கொடுக்கவில்லை என்பது கதை. எமகண்டம் பாடி வென்ற காளமேகம் ஊருக்கே மண்மாரி பெய்யச் சபித்துவிட்டுப் போனாராம். வீட்டு ஆளுக்குத் தீர்ப்புச் சொன்ன நடுவருக்குக் கிடைத்தது மண். நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னவருக்கோ நெருப்பு. தருமிக்காக வந்த சிவனின் பாட்டில் குற்றம் கண்ட நக்கீரர் நெற்றிக்கண்ணின் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்கிறது திருவிளையாடல். காமனை எரித்த அதே கண். சபையின் தீர்ப்பு கடவுளுக்கே கசந்திருக்கிறது. ராப் போட்டியில் தோற்ற பையனின் நண்பர்கள் நடுவரை முறைப்பதை அதிகம் குற்றம் சொல்வதற்கில்லை.

இப்படியெல்லாம் பார்த்த பிறகு என்னுடைய முறையைக் கேட்டால், லாவணியிலிருந்து கடன் நோட்டையும் ராப்பிலிருந்து கை எண்ணும் முறையையும் எடுத்துக்கொள்வேன். ஒவ்வொருவரும் எதிரே வைத்த கனமான விடயங்கள் எவை, அவற்றில் எத்தனைக்கு மற்றவர் முகம் கொடுத்தார் என்று முதலில் எழுதிக்கொள்வேன். இலையா ஈரமா என்று கொஞ்சம் பிழிந்து பார்ப்பேன். அதற்கும் பிறகு சமமாக நின்றால் மட்டும் பாணியின் பக்கம் திரும்புவேன். அதுவும் ‘எந்தப் பாணி உயர்ந்தது’ என்று அல்ல, தன் பாணிக்கு உள்ளேயே யார் அதிக தூரம் போனார் என்று. கூல் மோ டீயை மோ டீயின் அளவுகோலால், பிசி பீயை பிசி பீயின் அளவுகோலால். அந்த 1981 இரவைப் பொறுத்தவரை இந்தக் கணக்கிலும் மோ டீதான். அவர் அழகாகப் பின்னினார் என்பதற்காகச் சொல்லவில்லை. தன்னை யாராலும் வெல்ல முடியாது என்று பிசி பீ வைத்த சவடால் கனமானது, அதற்கு அவர் அந்த மேடையிலேயே நேராக முகம் கொடுத்தார். 1985க்கு என் கை ஷான்டேக்கு உயரும் என்று சொல்ல ஆசைதான். மேடையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கை தூக்கினால் நானும் அந்த நாலு போட்டவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிவரும்.

காமன் கூத்தில் நடுவர் மேசை கிடையாது. இருந்தாலும் தீர்ப்பு நடக்கிறது. மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் முன் ரதி வழிமறிப்பாள். கண்ட கெட்ட கனவுகளைச் சொல்வாள். சிவனின் வலிமையைச் சொல்வாள். போகாதீர் என்பாள். மன்மதன் தன் கரும்பு வில்லையும் மலர்க் கணையையும் பேசுவான், வீரம் பேசுவான், தேவர்களுக்குக் கொடுத்த வாக்கைப் பேசுவான். தப்பு எகிறும். அவன் ஆட்டத்துக்குத்தான் விசில் பறக்கும். ரதி நின்ற இடத்திலேயே நிற்பாள். இரண்டு பாணி, எதிரெதிர்.

விடிந்ததும் அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு மன்மதன் லயத்து வாசலில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

“நல்லாத்தான் ஆடுன தம்பி. ஆனா ரதி கனாவுக்கு நீ பதிலே சொல்லலியே?”

“எரியப் போறவன் என்னா பதில் சொல்றது, மாமா.”

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அதைத்தான்டா பாட்டுல சொல்லியிருக்கணும்” என்பார்.